ஒத்மான் வோக் செய்தது ஒரு கையெழுத்து மட்டும்தானா?

19 ஜூலை 2024, மாலை 6.10 (ஒரு வாசகரின் கேள்வி)

ஞாயிற்றுக்கிழமை இன நல்லிணக்க நாள். சிங்கப்பூரில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் நடந்த 1964 கலவரத்துக்கு இந்த ஆண்டோடு 60 வருடம். மறுபடியும் முன்னாள் அமைச்சர் ஒத்மான் வோக் படத்தைப் போட்டு எல்லாரும் உருகப் போகிறார்கள். எனக்குப் புரியவில்லை. மசெகவுக்கு (ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு) அமைச்சரவையில் ஒரு மலாய் முகம் வேண்டியிருந்தது, வைத்துக்கொண்டார்கள். 1977இல் ஜகார்த்தாவுக்குத் தூதராக அனுப்பி ஒதுக்கிவிட்டார்கள். கறிவேப்பிலை. மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்த 1965 பிரிவினை ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்து போட்டதைத் தவிர மனிதர் என்னதான் செய்தார்?

19 ஜூலை, இரவு 11.20

கேள்வியில் பாதி சரி. அதனால்தான் தூக்கம் வரவில்லை.

எனக்கு அவர் அமைச்சராக அறிமுகமாகவில்லை, பேய்க்கதைக்காரராகத்தான் அறிமுகம். 1991இல் தோ பாயோ நூலகத்தில் ஆங்கிலத் தொகுப்பு ஒன்று கண்ணில் பட்டது. மலாய்க் கம்பத்து (கிராமத்து)ப் பேய்கள், பாழுங்கிணறு, நள்ளிரவில் வரும் கெம்போஜா பூ வாசம். கடைசிப் பேருந்தில் உட்கார்ந்து படித்துவிட்டு, இறங்கி எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தைக் கடக்கும்போது நடை தானாக வேகமானது. எனக்கு அப்போது 23 வயது, தேசிய சேவையும் முடித்தவன், வெட்கக்கேடு. வீட்டுக்கு வந்து பின் அட்டையைப் பார்த்தால் எழுதியவர் முன்னாள் அமைச்சர், முன்னாள் தூதர் என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன்.

அமைச்சர் ஓய்வு பெற்றுப் பொழுதுபோகாமல் எழுதிய கதைகள் அல்ல அவை. அமைச்சராவதற்கு முன்பே, 1950களில், ‘உத்துசான் ஸமான்’ வார இதழிலும் ‘மஸ்திகா’விலும் மலாயில் எழுதியவர். மனிதர் முதலில் நிருபர், அப்புறம் கதைக்காரர், அதற்கப்புறம்தான் அரசியல்வாதி. இந்த வரிசை தெரியாமல் அவரை எடை போட்டால் தப்பாகத்தான் போகும் என்பது என் கட்சி. மீதி நாளைக்கு.

20 ஜூலை, காலை 7.45

பிறந்தது 8 அக்டோபர் 1924, சிங்கப்பூரில். ஓராங் லாவுட் என்னும் கடலோடி மக்களின் வழிவந்த குடும்பம். அப்பா மலாய்ப் பள்ளி ஆசிரியர். ராடின் மாஸில் படித்த பையனை அவர் ராஃபிள்ஸ் கல்வி நிலையத்துக்கு அனுப்பினார். தாத்தாவுக்குப் பிடிக்கவில்லை. ஆங்கிலப் பள்ளிக்குப் போனால் பேரன் கிறிஸ்தவனாகிவிடுவான் என்று பயம். (எங்கள் பாட்டியும் என் அத்தையைக் கான்வெண்டில் போட விடாமல் இதையேதான் சொன்னாராம். பயத்துக்கு மொழி வேறுபாடு கிடையாது போல.) ஜப்பானியர் வந்ததும் அதே அப்பா மகனை ஜப்பானிய மொழிப் பள்ளியில் சேர்த்தார். ஒருவேளை இவர்களே நிலைத்துவிட்டால் மொழி தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான் என்ற கணக்கு.

போர் முடிந்து 1946இல் ‘உத்துசான் மெலாயு’வில் குமாஸ்தா வேலை. ஜாவி எழுத்தில், அதாவது அரபு எழுத்தில் எழுதும் மலாயில், வந்த நாளிதழ் அது. நடத்தியவர் யூசோஃப் இஷாக், நம் இரண்டு வெள்ளி நோட்டில் இருக்கிறாரே, அவரேதான். நிருபராக வருகிறாயா என்று பையனைக் கேட்டவரும் அவர்தான். 1950இல் உதவித்தொகையில் லண்டன் போய் இதழியல் படித்தார், மறு ஆண்டு திரும்பிச் செய்தி ஆசிரியரானார், 1957இல் துணை ஆசிரியர். இடையில் அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார். அந்தச் சங்கத்துக்கு வழக்கறிஞர், பின்னாளில் பிரதமரான லீ குவான் இயூ. 1954இல் மசெக தொடங்கிய சில நாளிலேயே ஒத்மான் உறுப்பினர்.

ஆக, கட்சி பதவியில் உட்கார்ந்த பிறகு மலாய் முகம் தேடிப் பிடித்து வந்த ஆள் இல்லை. கட்சிக்கு ஆட்சியும் இல்லை, பணமும் இல்லை என்ற காலத்தில் சேர்ந்தவர். கறிவேப்பிலையைத் தாளிப்பில்தான் போடுவார்கள். இவர் அடுப்பு மூட்டும்போதே இருந்தார்.

20 ஜூலை, மதியம் 1.05

நேற்றிரவு இன்னொரு இழையில் ஒரு தப்பு எழுதிவிட்டேன், யாரோ பிடித்துவிட்டார்கள். இங்கேயும் சொல்லிவிடுகிறேன். யூசோஃப் இஷாக்கின் தம்பி இந்தோனேசியாவுக்குத் தூதராகப் போனார் என்று சொல்லி, பெயரை அஸீஸ் இஷாக் என்று போட்டுவிட்டேன். அஸீஸ் மலாயாவில் பிரதமர் துங்குவின் அமைச்சரவையில் விவசாய அமைச்சராக இருந்தவர், பிறகு சிறைக்கும் போனவர். ஜகார்த்தா போனவர் இன்னொரு தம்பி, ரஹீம் இஷாக். அண்ணன் ஜனாதிபதி, ஒரு தம்பி அங்கே அமைச்சர், ஒரு தம்பி இங்கே தூதர். நான் குழம்பியதற்கு அந்தக் குடும்பமும் ஒரு காரணம்.

20 ஜூலை, இரவு 9.30

1959 தேர்தலில் கம்போங் கெம்பாங்கானில் நின்று தோற்றார். அது மலாய்க்காரர் கட்சியான அம்னோவின் கோட்டை. 21 செப்டம்பர் 1963 தேர்தலில் பாசிர் பாஞ்சாங்கில் வென்று சமூக விவகார அமைச்சர் ஆனார். அதே தேர்தலில் மலாய்க்காரர் பெரும்பான்மையாக இருந்த மூன்று தொகுதிகளையும் மசெகவின் மலாய் வேட்பாளர்கள் அம்னோவிடமிருந்து பிடுங்கினார்கள். மலேசியா உருவாகி ஒரு வாரம்கூட ஆகாத நேரம். கோலாலம்பூரில் இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு 12 ஜூலை 1964இல் அம்னோ தலைமைச் செயலாளர் சையத் ஜஃபார் அல்பார் பேசிய பெரிய மலாய் மாநாடு நடந்த இடத்தைப் பாருங்கள்: பாசிர் பாஞ்சாங்கில் ஒரு சினிமா கொட்டகை. ஒத்மானின் சொந்தத் தொகுதி. வீட்டு வாசலில் வந்து நின்று திட்டுவது மாதிரி. ஒரு வாரம் கழித்து, 19 ஜூலை அன்று, விக்டோரியா தியேட்டரில் மலாய் அமைப்புகளைக் கூட்டி அரசாங்கம் பதில் சொல்லப் பார்த்தது. அந்தக் கூட்டம் சமூக விவகார அமைச்சரின் வேலை. ஆனால் எரிகிற இடத்தில் கூட்டம் போட்டு என்ன ஆகும்? இரண்டே நாள்.

அந்த நாள்களில் மலாய்ச் சமூகத்துக்குள் மசெக மலாய்க்காரர்களைக் ‘காஃபிர்’ என்றும் ‘கியானாட்’ என்றும், அதாவது துரோகி என்றும், அழைத்தார்கள். அதில் அதிகம் வாங்கிக்கட்டிக்கொண்டவர் ஒத்மான் என்று லீ குவான் இயூவே பிற்காலத்தில் சொன்னார். ஒரு பக்கம் துரோகி என்ற பட்டம், இன்று இந்த இழையில் கறிவேப்பிலை என்ற பட்டம். இரண்டுக்கும் நடுவில் அந்த மனிதர் மூச்சுவிட இடம் எங்கே?

21 ஜூலை, காலை 8.15

1964இல் இந்தத் தேதி செவ்வாய்க்கிழமை. நபிகள் நாயகம் பிறந்தநாள் விடுமுறை. பாடாங்கில் சுமார் 25,000 பேர் கூடி, அங்கிருந்து கேலாங்கை நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. மசெக அணியை நடத்திக்கொண்டு போனவர் ஒத்மான் வோக். காலாங் எரிவாயு ஆலைப் பக்கம் வந்தபோது கைகலப்பு வெடித்தது. அவர் தன் அணியைத் திருப்பி, மக்கள் கழகத் தலைமையகமாக இருந்த பழைய காலாங் விமான நிலையத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். அன்றிரவு 9.30க்கு ஊரடங்கு. ஜூலைக் கலவரத்தில் மட்டும் 23 பேர் செத்தார்கள், 454 பேருக்குக் காயம். செப்டம்பரில் மறுபடி வெடித்து இன்னும் 13 பேர்.

பின்னாளில் அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு எந்தப் பேய்க்கதையையும் விடப் பயமாக இருக்கிறது. கலவரத்துக்குப் பிறகு கோலாலம்பூர் போனபோது, பழைய உத்துசான் சகா ஒருவர் அவரிடம், அன்று மதியம் 2 மணிக்கே கலவரம் வரப்போகிறது என்று தங்களுக்குத் தெரியும் என்றாராம். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, எங்களுக்கு ஆள் இருக்கிறது என்று பதில். கலவரம் தொடங்கியதோ மாலையில். தான் 17 வருடம் வேலை பார்த்த பத்திரிகை அது. கூட உட்கார்ந்து செய்தி திருத்தியவர்களின் வாயிலிருந்து இதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். முடியவில்லை.

எங்கள் அப்பா அன்றைக்கு ஊர்வலத்தைப் பார்த்தவர். 24 வயது, துறைமுகத்தில் வேலை. சிராங்கூன் சாலையில் நண்பர் வீட்டுக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஊரடங்கு முழுசாக எடுக்கப்பட்டது ஆகஸ்ட் 2. அதுவரை விட்டு விட்டுத் தளர்த்திய மணிகளில்தான் அரிசி வாங்க ஓடுவது.

22 ஜூலை, இரவு 10.00

திருத்தம். அப்பாவிடம் நேற்று எழுதியதைப் படித்துக் காட்டினேன். “நான் எங்கடா ஊர்வலம் பார்த்தேன்? கொம்பாங் மேளச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான்” என்கிறார். சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறார். அதை 40 வருடமாக நான்தான் ‘பார்த்தார்’ என்று ஆக்கி வைத்திருக்கிறேன். நண்பர் வீட்டில் தங்கியது மூன்று நாள்தானாம். முதல் முறை தளர்த்தியதும் கிளம்பிவிட்டார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வாசலில் வந்து, இந்த வழியாகப் போகாதே, அந்த வழியாகப் போ என்று கைகாட்டியதை மட்டும் ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி சொல்கிறார்.

ஒத்மான் வோக்கைப் பற்றிக் கேட்டேன். ஒரு தேர்தல் கூட்டத்தில் பின்வரிசையில் நின்று பார்த்தாராம். “சத்தம் போட்டுப் பேசமாட்டார். வாத்தியார் மாதிரி இருப்பார்.” வாத்தியார் மகன்தான் என்றேன். “அதான்” என்று டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

24 ஜூலை, இரவு 11.50

சரி, அந்தக் கையெழுத்து.

7 ஆகஸ்ட் 1965 தேதியிட்ட ஒப்பந்தம். சிங்கப்பூர் தரப்பில் 10 பேர், மலேசியத் தரப்பில் 5 பேர். நம் பக்கம் ஒரே மலாய்க்காரர் ஒத்மான். தமிழர் கணக்குப் பார்ப்பவர்களுக்கு: நம் பக்கம் எஸ். ராஜரத்தினம், எதிர்ப்பக்கம் சுங்கை சிப்புட் வி. தி. சம்பந்தன். ஒரே தாளில் இரண்டு தமிழர், எதிரெதிராக. இதை வைத்து ஒரு நாடகமே எழுதலாம்.

ராஜரத்தினமும் டோ சின் சையும் கையெழுத்துப் போட மனம் வராமல் திண்டாடினார்கள். ஒருவர் சிரம்பானில் வளர்ந்தவர், இன்னொருவர் தைப்பிங்கில் பிறந்தவர். துங்குவின் கடிதம் வந்த பிறகுதான் டோ இறங்கி வந்தார். ஒத்மானோ லீ கேட்டதும் சரி என்றார். கம்யூனிஸ்டுகளை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் தன் கவலை என்று சொன்னார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று லீ சொன்னார். பேச்சு அவ்வளவுதான்.

இதைத்தான் ‘ஒரு கையெழுத்து மட்டும்தானே’ என்கிறீர்கள். அந்தக் கையெழுத்தோடு அவருடைய சமூகம் மலேசியாவில் பெரிய சமூகங்களில் ஒன்றாக இருந்த நிலையிலிருந்து இந்தத் தீவில் சிறுபான்மையாக மாறியது. மற்ற ஒன்பது பேரும் நாட்டின் எதிர்காலத்தைப் பணயம் வைத்தார்கள் என்றால், இவர் அதோடு தன் வீட்டு வாசலையும் சேர்த்து வைத்தார். மூன்று வாரம் யோசித்துப் போட்டிருந்தால் பெரிய ஆள் என்று சொல்லியிருப்போமோ என்னவோ.

25 ஜூலை, காலை 6.50

தூக்கக் கலக்கத்தில் ஒன்று விட்டுப்போனது. ‘கையெழுத்திட்டவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் ஒத்மான்’ என்று மேலே ஒருவர் போட்டிருக்கிறார், நானும் விருப்பக்குறி அழுத்திவிட்டேன். தப்பு. ஒத்மான் காலமானது 17 ஏப்ரல் 2017, 92 வயதில். அப்போது ஜெக் இயுன் தோங்கும் ஓங் பாங் பூனும் இருந்தார்கள். ஜெக் 2018இல் காலமானார். விருப்பக்குறியை எடுத்துவிட்டேன்.

27 ஜூலை, மாலை 4.30

சம்பள நாள். அதனால் இதை எழுதுகிறேன்.

என் சம்பளச் சீட்டில் மத்திய சேமநிதிக்குக் கீழே ‘சிண்டா’ (இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) என்று ஒரு பிடித்தம். மாதாமாதம் சின்னத் தொகை போகும். பக்கத்து மேசை மலாய்க்கார அபாங்கின் (அண்ணனின்) சீட்டில் அதே இடத்தில் ‘எம்பிஎம்எஃப்’, பள்ளிவாசல் கட்டட நிதி. இன்றைக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சிண்டா 1991இல் வந்தது. அபாங்கின் பிடித்தம் அதைவிட மூத்தது, 1975.

அந்த ஆண்டுகளில் கம்பங்களை இடித்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பத்தோடு அதன் சூராவும், அந்தச் சின்னத் தொழுகைக்கூடமும், போய்விடும். புதுப் பேட்டையில் ஆயிரக்கணக்கில் முஸ்லிம் குடும்பங்கள், தொழ இடமில்லை. வீடு வீடாகப் போய் நன்கொடை வாங்கினால் ஒரு பள்ளிவாசல் கட்டவே பத்து வருடம் ஆகும். அதனால் முஸ்லிம் ஊழியர்களின் சம்பளத்திலிருந்து சேமநிதி வழியாகவே மாதம் 50 காசு பிடிப்பது என்று பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கியது. வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். சமூக விவகார அமைச்சர் ஒத்மான் வோக். 50 காசுக்கு அன்று ஒரு காப்பி கிடைத்திருக்கும், கூட ஒரு ரொட்டியும் கிடைத்திருக்கலாம். யாருக்கும் வலிக்காத தொகை, ஆனால் கூட்டினால் கட்டடம்.

அந்த நிதியில் முதலில் எழும்பியது எங்கள் தோ பாயோவின் முஹாஜிரின் பள்ளிவாசல், 1977இல். முஹாஜிரின் என்றால் குடிபெயர்ந்தவர்கள். கம்பத்தை விட்டு வந்தவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. எனக்கு 9 வயது. பள்ளி விட்டு வரும் வழியில் தூண் இறக்கும் இயந்திரம் ‘டொங், டொங்’ என்று அடிப்பதை வேலிக்கு வெளியே நின்று எண்ணுவோம். முந்நூறு வரை எண்ணிய ஞாபகம். அதன் பின்னால் ஒரு பேய்க்கதைக்காரர் இருக்கிறார் என்று யார் கண்டது? (இப்போது இருப்பது அந்தக் கட்டடம் இல்லை, 2009இல் திறந்த புதியது.)

1966இல் நிறைவேறிய முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம், அதன்படி 1968இல் அமைந்த முயிஸ் என்னும் இஸ்லாமிய சமய மன்றம், ஹஜ்ஜுக்குப் போகிறவர்களை ஒழுங்காகப் பதிவு செய்யும் முறை எல்லாம் அவர் அமைச்சராக இருந்த காலத்தில் வந்தவைதான். படம் போட்டுக் காட்ட இதில் ஒன்றுமில்லை. பதிவேடு, படிவம், வரிசை. ஆனால் ஹஜ்ஜுக்கு 20 வருடம் காசு சேர்த்த ஒரு கிழவருக்கு அந்த வரிசைதான் எல்லாம்.

28 ஜூலை, மதியம் 12.20

“பேட்டைக்குப் பள்ளிவாசல் கட்டியது அமைச்சகம், தனிமனிதர் அல்ல” என்கிறார் கேள்வி கேட்டவர். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படிப் பார்த்தால் வீவகவை லிம் கிம் சான் கட்டவில்லை, ராணுவத்தைக் கோ கெங் சுவீ கட்டவில்லை. அவர்களுக்கு மட்டும் பெயரைக் கொடுத்துவிட்டு இவருக்கு வந்தால் அமைச்சகம் என்றால் எப்படி?

28 ஜூலை, இரவு 11.15

அரங்கத்தை மறந்துவிட்டேன்! காலாங்கில் இருந்த பழைய தேசிய விளையாட்டரங்கம். விளையாட்டும் அப்போது சமூக விவகார அமைச்சில்தான். 55,000 பேர் உட்காரலாம். பணம் வந்தது பெரும்பாலும் சிங்கப்பூர் பூல்ஸ் லாட்டரியிலிருந்து. பள்ளிவாசலுக்கு 50 காசு, அரங்கத்துக்கு லாட்டரி. ஒரே மேசையில் இரண்டு கோப்பு. ஒரு முஸ்லிம் அமைச்சருக்கு இரண்டாவது கோப்பு கொஞ்சம் சூடாகவே இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இனி விஷயம். அரங்கம் திறந்த தேதி 21 ஜூலை 1973. இடம் காலாங். ஒன்பது வருடத்துக்கு முன் இதே தேதியில், கூப்பிடு தூரத்தில், அவர் தன் அணியை உயிரோடு காப்பாற்றப் பழைய விமான நிலையத்துக்குள் ஓட்டிக்கொண்டு போனார். தேதியை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்களா, தற்செயலா, நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால் திறப்பு விழா மேடையில் அந்த மனிதருக்கு மட்டும் தேதி உறைத்திருக்கும். கதைக்காரர் இல்லையா.

நான் அந்த அரங்கத்தில் மலேசியக் கிண்ண ஆட்டம் பார்த்தவன். காலாங் கர்ஜனை என்பார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒரே குரலில் நடுவரைத் திட்டுவோம். இன நல்லிணக்கத்துக்கு அதைவிட நல்ல பாடம் நான் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை.

2 ஆகஸ்ட், இரவு 10.40

ஜகார்த்தாவுக்கு வருவோம். கேள்வியின் முக்கியமான குத்து இதுதான்: தூதர் பதவி ஒதுக்கல்.

முதலில் அந்த ஊரின் பின்கதை. மலேசியாவோடு இந்தோனேசியா மோதிய காலத்தில், 10 மார்ச் 1965 அன்று, ஆர்ச்சர்ட் சாலை மெக்டோனல்ட் ஹவுஸில் குண்டு வைத்த இந்தோனேசியக் கடற்படை வீரர்கள் இருவரை 17 அக்டோபர் 1968இல் சாங்கியில் தூக்கிலிட்டோம். ஜகார்த்தாவில் நம் தூதரகத்தைக் கூட்டம் புகுந்து அடித்து நொறுக்கியது. அப்போது தூதர் நம்மவர், பி. எஸ். ராமன், வானொலி, தொலைக்காட்சி நிர்வாகத்திலிருந்து போனவர். அடுத்து லீ கூன் சோய். 1973இல் லீ குவான் இயூ கலிபாத்தா மயானத்தில் அந்த இரண்டு பேரின் கல்லறையில் பூத் தூவியது அவர் காலத்தில்தான். அதன் பிறகே இந்தோனேசிய அதிபர் சுஹார்த்தோவின் முகம் இளகியது. 1974இல் ரஹீம் இஷாக். 1977இல் ஒத்மான் வோக்.

ராமனுக்குப் பிறகு வந்த மூவரும் நாடாளுமன்ற உறுப்பினர்கள், துணை அமைச்சர் அல்லது அமைச்சராக இருந்தவர்கள். ஓரம்கட்ட நினைப்பவரை ஏதாவது ஒரு குளிர் தேசத்துக்கு அனுப்புவார்கள். பக்கத்து வீட்டுப் பெரிய அண்ணனிடம் அனுப்பமாட்டார்கள். இந்தோனேசியாவின் கண்ணில் சிங்கப்பூர் ஒரு சீனத் தீவு. அங்கே போய் மலாயில் பேசி, வெள்ளிக்கிழமை அவர்களோடு தொழுது, ஜாவிப் பத்திரிகை நடத்திய கதையைச் சொல்லக்கூடிய ஆள் வேண்டும். அப்படி எத்தனை பேர் அமைச்சரவையில் இருந்தார்கள்? ஒருவர்.

அவர் இருந்த மூன்று ஆண்டில் அந்த ஊர் சும்மா இல்லை. 1978இல் இந்தோனேசிய அமைச்சர் ஹபிபி பாத்தாம் தீவைக் கையில் எடுத்தார். அதே ஆண்டுக் கடைசியில் வியட்நாம் கம்போடியாவுக்குள் நுழைந்தது, ஆசியான் ஐந்தும் ஒரே குரலில் பேச வேண்டிய அவசரம். படகு அகதிகளுக்கு 1979இல் காலாங் தீவில் முகாம் திறந்தது (நம் காலாங் இல்லை, ரியாவ் பக்கம்). ஆசியான் செயலகமும் அந்த ஊரில்தான்.

இன்னொரு விஷயம், நேற்றுத்தான் உறைத்தது. ஒத்மான் ஜகார்த்தாவிலிருந்து எழுதும் அறிக்கை போய்ச் சேருவது வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினத்தின் மேசைக்கு. அவரும் பழைய பத்திரிகைக்காரர். நிருபர் எழுத, ஆசிரியர் படிக்க. முதல் ஜனாதிபதியும் பத்திரிகை ஆசிரியர். எல்லாரும் வக்கீல்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அந்தத் தலைமுறையில் செய்தி அறையிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் பாருங்கள்.

3 ஆகஸ்ட், காலை 9.10

“மலாய்க்காரருக்கு இந்தோனேசிய மொழி என்ன கஷ்டம், ரெண்டும் ஒன்றுதானே” என்று ஒருவர். ஐயோ. நான் பத்து வருடம் பாத்தாமுக்கு வேலையாகப் போய் வந்தவன், சொல்கிறேன் கேளுங்கள். ‘பிசா’ என்றால் நமக்கு விஷம், அவர்களுக்கு ‘முடியும்’. ‘பெர்சுமா’ என்றால் நமக்கு இலவசம், அவர்களுக்கு வீண். ‘பூடாக்’ நமக்குச் சின்னப் பிள்ளை, அங்கே அடிமை. ‘புத்து’ என்று ஒன்று இருக்கிறது, அவர்களுக்கு ‘தேவை’, நமக்கு எழுத முடியாத வார்த்தை. முதல் நாள் ஒரு பாத்தாம் மேலாளர் என் மேலதிகாரி அம்மாவிடம் ‘எங்களுக்கு புத்து’ என்று ஆரம்பித்தார். அந்த அம்மா முகம் போன போக்கு. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

ஒரே மொழி என்று நினைத்துப் போகிறவன்தான் அதிகம் வழுக்குவான். யாழ்ப்பாணத்தாரோடு சம்பந்தம் பேசியவர்களைக் கேளுங்கள்.

6 ஆகஸ்ட், இரவு 11.30

நான்கு நாள் யோசித்தேன். கேள்வி கேட்டவருக்கு ஒரு இடத்தில் நான் இறங்கி வர வேண்டும்.

தூதராக இருந்தபோதும் அவர் பாசிர் பாஞ்சாங் நாடாளுமன்ற உறுப்பினர். 1980 வரைக்கும். ஜகார்த்தாவில் உட்கார்ந்துகொண்டு இங்கே குழாய் ஒழுகுகிறது, வாடகை பாக்கி என்று வருகிறவர்களை யார் பார்த்தார்கள்? வேறு யாராவது பார்த்திருப்பார்கள், ஆனால் வாக்குப் போட்டவனுக்கு அது சரியில்லை. இது ஒன்று.

இரண்டாவது, 1965இலிருந்து 1977 வரை அமைச்சரவையில் ஒரே மலாய்க்காரர். சமூக விவகாரம் தவிரக் கொஞ்ச காலம் கலாசாரம். பாதுகாப்பு, நிதி, வர்த்தகம் பக்கம் அவரை விடவில்லை. 17 வருடம் பத்திரிகை நடத்திய ஆளுக்கு எண்ணும் எழுத்தும் தெரியாதா? ‘மலாய் விவகாரம்’ என்ற அறைக்குள்ளேயே வைத்திருந்தார்கள் என்று சொன்னால் என்னிடம் பதில் இல்லை. பள்ளிவாசல் நிதியையும் ஹஜ் வரிசையையும் நான் மேலே புகழ்ந்தேனே, அவையும் அந்த அறைக்குள் நடந்த வேலைகள்தான். எழுதும்போது எனக்கே அது தெரியவில்லை.

ஆனால் அறைக்குள் வைக்கப்பட்டவர் என்பதும் கறிவேப்பிலை என்பதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தில்தான் நான் நிற்கிறேன்.

7 ஆகஸ்ட், காலை 7.20

பதில் வந்திருக்கிறது: “கறிவேப்பிலையை வாபஸ் வாங்கமாட்டேன், ஆனால் பேய்க்கதை சுவாரசியமாக இருக்கிறது, எங்கே கிடைக்கும்?”

59 வருடம் முந்தைய கையெழுத்துத் தேதியில் இப்படி ஒரு பதில். சரி, போகட்டும். ஓய்வுக்குப் பிறகு அவர் சுற்றுலா வாரியத்திலும் செந்தோசா கழகத்திலும் உறுப்பினராக இருந்தார், 1991க்குப் பிறகு இன்னும் சில தொகுப்புகள் போட்டார், 2000இல் சுயசரிதை எழுதினார். சுயசரிதையை நான் இரண்டு தடவை படித்திருக்கிறேன். பேய்க்கதைகளை எத்தனை தடவை என்று கணக்கில்லை.

9 ஆகஸ்ட், இரவு 8.50

தேசிய தின அணிவகுப்பு டிவியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா தூங்கிவிட்டார். நூலகச் செயலியில் அந்த 1991 தொகுப்புக்கு முன்பதிவு போட்டேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் வரிசையில் இருக்கிறார்கள். மூன்று வாரம் முன்பு பார்த்தபோது யாருமே இல்லை. இந்த இழையைப் படிப்பவர்களில் யாராவது என்றால் தயவுசெய்து சீக்கிரம் திருப்பிக் கொடுங்கள். ராத்திரியில் படிக்கப் பயமாக இருந்தால் பகலில் படியுங்கள்.